சிதறிச் சென்று சேரும் செய்தி

கடல் கடந்து வாழும் மகனுக்குத் தாய் அனுப்பும் நிழற்படம் ஒன்று இன்று சில நொடிகளில் அவன் கையிலுள்ள கருவியில் தோன்றிவிடுகிறது. அப்படம் புறப்பட்ட உருவிலேயே பயணம் செய்து சேர்ந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. புறப்படும்போதே அது நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனியே செல்கிறது. முன்னே புறப்பட்டது பின்னே வந்து சேரலாம். சில துண்டுகள் வழியில் தொலைந்தும் போகலாம். ஆயினும் மறுமுனையில் ஒரு புள்ளியும் குறையாமல் அப்படம் மீண்டும் உருப்பெறுகிறது.

இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இத்துண்டுகளைச் சுமந்து செல்லும் வலையமைப்பு, அவற்றுள் ஒன்றையேனும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக எவருக்கும் வாக்களிக்கவில்லை. 'என்னால் இயன்றதைச் செய்வேன்' என்பதே அது கூறும் ஒரே உறுதி. இத்தகைய உறுதியற்ற வழியின்மீது உலகளாவிய உறவு எவ்வாறு கட்டப்பட்டது? அதன் வரலாறு, பொறுப்பு நடுவில் இருக்க வேண்டுமா, முனைகளில் இருக்க வேண்டுமா என்னும் ஒரு வினாவின் வரலாறே எனலாம்.

ஒரு வழி அறுந்தால்

பழைய டிரங்க் தொலைபேசி அழைப்பை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே இன்னும் பலர் உண்டு. இரு ஊர்களுக்கிடையே ஒரு தடம், பேசும் இருவருக்கென ஒதுக்கப்படும். அவர்கள் பேசினாலும் மௌனமாக இருந்தாலும் அத்தடத்தை வேறொருவர் பயன்படுத்த இயலாது. தடத்தில் ஓரிடம் அறுந்தால் பேச்சும் அறுந்துவிடும். சிறு நிலையங்கள் பெரு நிலையங்களைச் சார்ந்திருந்தமையால், பெரு நிலையம் ஒன்று அழிந்தால் அதைச் சார்ந்த பகுதி முழுவதும் ஊமையாகிவிடும்.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், இக்குறை சிலருடைய உறக்கத்தைக் கெடுத்தது. அவர்களுள் ஒருவர் பால் பேரன். 1926-இல் அன்றைய போலந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். 1959-இல் கலிபோர்னியாவிலுள்ள ராண்டு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். தாக்குதலுக்குப் பின்னும் செய்தி சென்றுகொண்டிருக்க வழி உண்டா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. செய்தித் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்ட அரசு, அச்சத்தால் தவறான முடிவை எடுத்துவிடக் கூடுமன்றோ?

பல தொகுதிகளாக 1964-இல் வெளிவந்த ஆய்வில் அவர் தந்த விடை எளிமையானது. நடுவம் என்று ஒன்று வேண்டாம். மீன்பிடி வலையின் முடிச்சுகளைப் போல் ஒவ்வொரு நிலையமும் அண்டையிலுள்ள மூன்று நான்கு நிலையங்களோடு இணைந்திருக்கட்டும். செய்தியை 1,024 பிட்டுகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் சேரிட முகவரியைப் பொறித்துவிடுவோம். முகவரியைப் படிக்கும் நிலையம், அப்போது திறந்திருக்கும் வழிகளுள் ஏற்ற ஒன்றில் கட்டத்தை அனுப்பட்டும். ஒரு வழி அழிந்தால் மறு வழி. ஒவ்வொரு நிலையமும் நலிந்ததாக இருந்தாலும், அத்தகைய பல நிலையங்கள் சேர்ந்த வலை உறுதியானதாக இருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அமெரிக்கத் தொலைபேசித் துறையைப் பெரும்பாலும் தன் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பொறியாளர்கள் இதை ஏற்கவில்லை. பேச்சுக்கென ஒரு தடத்தை ஒதுக்குவதே அவர்கள் அறிந்த தொழில். விமானப்படை ஆதரவு காட்டியும், பணி அனுபவமற்ற ஓர் அமைப்பின் கையில் ஒப்படைக்கப்படும் என்று தெரிந்தபோது, அதை நிறுத்திவைக்குமாறு பேரனே அறிவுரை கூறினார். நல்ல கருத்து தகுதியற்ற கைகளில் தோற்றால், தோல்வியின் பழி கருத்தின் மேல் விழும் என்று அவர் அஞ்சினார்.

பெயர் சூட்டியவர்

அட்லாண்டிக் கடலின் மறுகரையில், பேரனை அறியாமலே அதே முடிவுக்கு வந்தார் டொனால்டு டேவிஸ். இங்கிலாந்தின் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவரைத் தூண்டியது போர் அச்சமன்று. வீணாகும் கம்பித்தடமே அவர் கவலை. கணிப்பொறியோடு உரையாடுவோர் ஒரு வரி தட்டுகிறார்கள். பிறகு நெடுநேரம் சிந்திக்கிறார்கள். அந்நேரமெல்லாம் தடம் வெறுமையாகக் கிடக்கிறது. பலருடைய செய்திகளைத் துண்டுகளாக்கி ஒரே தடத்தில் மாறி மாறி அனுப்பினால் வெறுமை நிரம்பும் என்று 1965-இல் அவர் கண்டார். தமக்கு முன்னரே பேரன் எழுதியிருப்பதை 1966-இல்தான் கேள்வியுற்றார்.

அத்துண்டுகளுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றபோது, பிற மொழிகளிலும் எளிதாகப் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழியியல் அறிஞரின் கருத்தையும் நாடி, 'பாக்கெட்' என்னும் சொல்லை அவர் தெரிந்தெடுத்தார். தமிழில் நாம் இதைப் 'பொதி' என்கிறோம். சுமந்து செல்லப்படுவது என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

ஈரெழுத்துத் தொடக்கம்

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், அணுப்போருக்கு அஞ்சிக் கட்டப்பட்டது என்று பலர் எழுதுகின்றனர். இது பேரனின் நோக்கத்தை மற்றொரு பணியின்மேல் ஏற்றிக் கூறுவதாகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா என்னும் ஆய்வு அமைப்பு, தான் பொருளுதவி செய்த பல்கலைக்கழகங்கள் தத்தம் கணிப்பொறிகளைப் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே அதைத் தொடங்கியது. அப்பணிக்குப் பொறுப்பேற்ற லாரி ராபர்ட்ஸ், 1967 அக்டோபரில் டென்னசியில் நடந்த ஒரு கருத்தரங்கில், டேவிஸின் குழுவினர் வாயிலாக ஆங்கிலேயரின் பணியையும் பேரனின் ஆய்வையும் அறிந்துகொண்டார்.

1969 அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு முதல் செய்தி சென்றது. சார்லி கிளைன் என்னும் மாணவர் 'லாகின்' என்னும் ஐந்தெழுத்து ஆணையைத் தட்டத் தொடங்கினார். எல், ஓ ஆகிய இரண்டு எழுத்துகள் சேர்ந்ததும் அமைப்பு செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் மறுமுயற்சி வெற்றிபெற்றது. அவ்வாண்டு இறுதிக்குள் நான்கு நிலையங்கள் இணைந்தன.

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த, வெவ்வேறு வகையில் எண்ணுகின்ற கணிப்பொறிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டுமாயின், யார் முதலில் பேசுவது, எப்படி விடை கூறுவது, பேச்சை எவ்வாறு முடிப்பது என்பன குறித்து உடன்பாடு தேவை. அவ்வுடன்பாட்டுக்கு 'புரோட்டோகால்' என்று பெயரிட்டனர், தமிழில் நெறிமுறை. இது கிரேக்க மூலத்தை உடைய சொல். பாப்பிரஸ் சுருளின் முகப்பில், உள்ளே இருப்பது இன்னது என்று காட்ட ஒட்டப்பட்ட முதல் ஏட்டையே அது பண்டு குறித்தது. இன்றைய பொதியின் முகப்பிலும் அத்தகைய ஏடு ஒன்று ஒட்டப்படுகிறது என்பது நினைக்க இன்பம் தருவது.

நெறிமுறை வகுக்கும் பணி பெரிதும் மாணவர்கள் தலையில் விழுந்தது. மேலிடத்திலிருந்து யாரோ ஒரு நாள் வந்து 'இது உங்கள் வேலையன்று' என்று கூறிவிடுவார்களோ என்று அவர்கள் தயங்கினர். ஆகவே ஸ்டீவ் கிராக்கர் 1969 ஏப்ரலில் எழுதிய முதல் குறிப்புக்கு, ஆணை என்றோ விதி என்றோ பெயரிடாமல், 'கருத்துரைகளுக்கான வேண்டுகோள்' என்று பெயரிட்டார். இளைஞர்களின் தயக்கத்தில் பிறந்த அப்பெயர் நிலைத்துவிட்டது. உலகம் முழுவதும் பின்பற்றும் இணைய நெறிமுறைகள் இன்றும் அதே தலைப்பில்தான் வெளியிடப்படுகின்றன.

வழியின் கடமையும் முனையின் கடமையும்

ஆர்பாநெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொதிகளை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை இடையிலிருந்த வலையமைப்பே ஏற்றது. முனைக் கணிப்பொறிகள் அதை நம்பிக் கவலையற்று இருந்தன. பிரான்சில் 1972-இல் 'சிக்ளாட்' என்னும் வலையமைப்பைத் தொடங்கிய லூயி பூசேன் இதை மாற்றிப்போட்டார். இடைவழி பொதிகளைச் சுமக்கட்டும், அவ்வளவே. எது வந்தது, எது வரவில்லை என்று கணக்குப் பார்ப்பது முனைகளின் வேலை என்றார் அவர். இது வெறும் தொழில்நுட்பக் கருத்து வேற்றுமையன்று. பொறுப்பு யாரிடமோ, அதிகாரமும் அவரிடமே தங்கும். தொலைபேசித் துறைகள் நடுவில் ஒதுக்கப்பட்ட தடத்தையே விரும்பின. சிக்ளாட்டுக்கு அரசின் பொருளுதவி குறைந்து, 1981-இல் அது மூடப்பட்டது. ஆயின் அதன் கருத்து அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது.

அமெரிக்காவில் ராபர்ட் கானும் வின்டன் செர்ஃபும் 1973-இல் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தனர். கம்பிவழி வலையமைப்பு ஒன்று, வானொலி அலைவழி ஒன்று, செயற்கைக்கோள்வழி ஒன்று என மூன்றும் வளர்ந்துவந்தன. ஒன்றன் இயல்பு மற்றொன்றுக்கு இல்லை. சுரங்கப்பாதையில் நுழையும் ஊர்தியிலிருந்து வானொலிப் பொதி வந்து சேரும் என்று யார் உறுதி கூற இயலும்? ஆகவே எந்த வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்றத் தேவையில்லை. இணைக்கும் வாயில்கள் பொதிகளைப் பற்றிய நினைவு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். தொலைந்த பொதியைப் புறப்பட்ட முனையே மீண்டும் அனுப்பட்டும். அனைத்தையும் ஆளும் நடுவம் வேண்டாம் என்னும் கொள்கைகளை அவர்கள் மேற்கொண்டனர். 1974 மே மாதம் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. பின்னர் 1978-இல் அந்நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது: வழியின் கடமையைக் கூறுவது ஐ.பி.; முனையின் கடமையைக் கூறுவது டி.சி.பி.

இவ்விரண்டும் செயற்படும் முறையை நம் ஊர்த் தச்சரின் தொழிலைக் கொண்டு விளக்கலாம். வேலைப்பாடு மிக்க பெரிய கதவுநிலை ஒன்றை வேற்றூருக்கு அனுப்ப வேண்டும். எந்த வண்டியும் அதை முழுமையாக ஏற்றாது. தச்சர் அதைப் பிரித்து, ஒவ்வொரு மரத்திலும் எண் குறித்து, முகவரிச் சீட்டை ஒட்டி, கிடைத்த வண்டிகளில் அனுப்புகிறார். வண்டிக்காரருக்குக் கதவுநிலையைப் பற்றி எதுவும் தெரியாது; முகவரி ஒன்றே அவருக்குப் போதும். இது ஐ.பி.யின் பணி. மறுமுனைத் தச்சர், எண்களைப் பார்த்து மரங்களை வரிசைப்படுத்துகிறார். 'ஆறு வரை வந்துவிட்டது. ஏழாவதற்குக் காத்திருக்கிறேன்' என்று சொல்லியனுப்புகிறார். குறித்த காலத்துக்குள் விடை வராவிட்டால், அனுப்பியவர் அதே அளவில் மற்றொரு மரத்தைச் செய்து அனுப்புகிறார். இது டி.சி.பி.யின் பணி. பணி தொடங்குமுன், 'அனுப்பலாமா?', 'அனுப்பலாம், நான் கூறியது கேட்டதா?', 'கேட்டது' என்னும் மூன்று சொற்களால் இருவரும் ஒருவரையொருவர் உறுதிப்படுத்திக்கொள்கின்றனர்.

ஐ.பி. பொதியின் முகப்பேடு குறைந்த அளவாக 20 பைட்டுகளே கொண்டது. புறப்பட்ட முகவரி, சேரிட முகவரி, பொதியின் நீளம் ஆகியவற்றோடு அதில் வாழ்நாள் எண் ஒன்றும் உண்டு. அது 255-க்கு மேற்படாது. ஒவ்வொரு இடைநிலையத்திலும் அவ்வெண் ஒன்று குறைகிறது. சுழியத்தை அடைந்த பொதி கைவிடப்படுகிறது. வழி தவறிய பொதி என்றென்றும் சுற்றிச் சுற்றி வந்து பிறருடைய பாதையை அடைக்கக் கூடாதன்றோ?

1977 நவம்பர் 22 அன்று இம்முறை கடும் சோதனைக்கு உள்ளானது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஊர்தி ஒன்றிலிருந்து வானொலி அலையில் புறப்பட்ட பொதிகள், ஆர்பாநெட் வழியாக அமெரிக்காவைக் கடந்து, செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவை அடைந்து, மீண்டும் திரும்பி லாஸ் ஏஞ்சலஸை வந்தடைந்தன. மூன்று வேறுபட்ட வலையமைப்புகள். இருப்பினும் முனைகளுக்கு அது ஒரே உரையாடல்.

1983 சனவரி முதல் நாள், ஆர்பாநெட் முழுவதும் பழைய நெறிமுறையைக் கைவிட்டுப் புதியதை ஏற்க வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. அறிவிப்பைப் பொருட்படுத்தாதவர்களை உணர்த்துவதற்காக, 1982-இல் ஒரு நாள் பழைய நெறிமுறையை நிறுத்திவைத்தும் காட்டினர். இணையத்தின் பிறந்தநாள் என்று பலர் அச்சனவரி முதல் நாளையே கூறுவர்.

இந்தியாவிலும் இந்நெறிமுறைகளைக் கற்றறிய 1986-இல் எர்நெட் திட்டம், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் தொடங்கியது. அதில் பங்கேற்ற கல்வி நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது.

பொறுமையின்மை கற்பித்த பாடம்

எர்நெட் தொடங்கிய அதே 1986-ஆம் ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவில் விந்தையான இடர் ஒன்று நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜ தூரமே. அத்தடத்தில் நொடிக்கு 32,000 பிட்டுகள் சென்றுகொண்டிருந்த வேகம், திடீரென்று நொடிக்கு 40 பிட்டுகளாக வீழ்ந்தது. கம்பி அறுந்ததா? இல்லை. கணிப்பொறி பழுதா? அதுவும் இல்லை. ஒவ்வொரு முனையும் நெறிமுறை கூறியபடியே நடந்தது, அதுதான் துன்பம்.

நெரிசலால் பொதி ஒன்று தாமதமாகிறது. 'தொலைந்தது போலும்' என்று எண்ணி முனை அதை மீண்டும் அனுப்புகிறது. அதனால் நெரிசல் மேலும் கூடுகிறது. கூடியதால் மேலும் பொதிகள் தாமதமாகின்றன. அவற்றையும் முனைகள் மீண்டும் அனுப்புகின்றன. குறுகிய வாயிலில் ஒவ்வொருவரும் முண்டியடிக்கும்போது ஒருவரும் வெளியேற இயலாமற்போவது போன்றதே இது.

வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்னும் இருவர் இதை ஆராய்ந்தனர். நடுவில் காவலர் ஒருவரை நிறுத்தி ஒழுங்குபடுத்துவது ஒரு வழி. அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1988-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, முனைகளுக்கே தன்னடக்கத்தைக் கற்பித்தது. தொடங்கும்போது மிகச் சில பொதிகளையே அனுப்பு. ஒப்புகை வர வர எண்ணிக்கையைப் பெருக்கு. பொதி ஒன்று தொலைந்தால், அதை வழி நெரிசலாக இருக்கிறது என்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு உன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டு. இவ்வளவே அந்நெறி. அதுவரை இழப்பு என்பது மீண்டும் தள்ளுவதற்கான காரணமாக இருந்தது. அன்றுமுதல் அது நின்று நிதானிப்பதற்கான செய்தியாயிற்று.

இங்குக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவ்வடக்கத்தை அன்றைய வலையமைப்பு எவர்மீதும் திணிக்கவில்லை. ஒரு முனை அடங்க மறுத்தால், பிறர் விட்டுக்கொடுத்த இடத்தையும் அது கவர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான முனைகள் தாமே அடங்கியமையால்தான் அனைவருக்கும் வழி கிடைத்தது.

நம்பிக்கையின் விலை

இவ்வமைப்புக்குக் குறையே இல்லையா என்று கேட்பது நியாயமே. இதை வகுத்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். பொதியின் முகப்பில் எழுதப்பட்ட புறப்பாட்டு முகவரி உண்மையானதா என்று வழி சோதிப்பதில்லை. பொய் முகவரியோடு வருவோரை அன்று அவர்கள் பெரிதாக எண்ணிப்பார்க்கவில்லை. 1996 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்த பேனிக்ஸ் என்னும் இணையச் சேவை நிறுவனம் இதற்கு விலை கொடுத்தது. பொய் முகவரிகளிலிருந்து 'அனுப்பலாமா?' என்னும் அழைப்புகள் வெள்ளமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் விடை கூறி, வராத மறுமொழிக்காகக் காத்திருந்தே அதன் கணிப்பொறிகள் களைத்தன. கதவைத் தட்டிவிட்டு ஓடி ஒளிவோரிடம், திறந்து வைக்கும் வீடே துன்புறுகிறது.

பொய் முகவரியுடைய பொதிகளைத் தம் எல்லையிலேயே தடுத்து நிறுத்துமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு 2000-ஆம் ஆண்டில் பரிந்துரை வெளியானது. அவ்வாறு தடுப்பதால் பயன்பெறுவோர் பிறர், செலவோ தமது. அதனால் அது இன்றும் எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கப்படவில்லை.

மறைவின்மை மற்றொரு குறை. தொடக்கத்தில் பொதியின் உள்ளடக்கம் அஞ்சலட்டையைப் போல் வழியிலுள்ளோர் படிக்கத்தக்கதாகவே சென்றது. அதற்கான மருந்தும் முனைகளிலேயே கிடைத்தது. இன்று இணையத்தளங்களுக்குச் செல்லும் பொதிகளுள் மிகப் பெரும்பாலானவை, அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே அறியும் மறைமொழியில் செல்கின்றன. 2021-இல் குவிக் என்னும் புதிய நெறிமுறை ஏற்கப்பட்டது. டி.சி.பி. செய்த பணிகளை அது புதிய முறையில் செய்வதோடு, மறைமொழியையும் தன்னுள் கொண்டிருக்கிறது. அதற்காக இடைவழியை எவரும் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. வழி தன்னால் இயன்றவரை சுமக்கிறது. முனைகள் மட்டுமே மாறின.

டேவிஸ் 2000-ஆம் ஆண்டிலும், பேரன் 2011-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்கள் கண்ட சிறு பொதி, இன்று நம் மடல்களையும் குரல்களையும் முகங்களையும் சுமந்து செல்கிறது. இழப்பே நேராத வழி ஒன்றைக் கட்ட முயன்றிருந்தால், அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் இவ்வளவு தொலைவு வந்திருக்க மாட்டார்கள். இழப்பு நேரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அனுப்பியவர் படியைக் கையில் வைத்துக் காத்திருக்கட்டும், பெற்றவர் பெற்றேன் என்று சொல்லட்டும் என்று வகுத்தார்கள்.

அனுப்பிய சொல் சேர்ந்ததா என்று கேட்காத முனையும், சேர்ந்ததென்று தெரிவிக்காத முனையும் இருந்தால், எத்துணை அகலமான வழியும் அவர்களை இணைக்காது. இது கணிப்பொறிகளுக்கு மட்டுமே உரிய நெறியா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.